மூடாத லேப்டாப்

நல்லாத் தொட்டுப் பாருங்க தம்பி. தொட்டுப் பாக்கறதுக்குத்தான வெளிய வெச்சிருக்கறாங்க. பாருங்க, உங்க விரலுக்கு எப்படி ஓடுது, மீன் குஞ்சாட்டம். இப்ப நான் தொடறேன். பாத்தீங்களா? ஒண்ணுமில்ல. அமுத்தறேன். ஒண்ணுமில்ல. இந்தக் கடையில இருக்கற அத்தனை டச் ஸ்கிரீனையும் தொட்டுப் பாத்துட்டேன், ஒரு கழுதையும் என்ற கையை மதிக்க மாட்டேங்குது.

அட, அந்தக் கடைக்காரப் புள்ளையப் பாருங்க, அங்கிருந்து ஓடியாறா. "அய்யா, தட்டாதீங்க, தட்டாதீங்க"ங்கறா. நான் எங்க தட்டினேன் அம்மிணி? தொட்டேன். இதுக்குப் பேரு தட்டறதாங்க தம்பி? நீங்களே சொல்லுங்க. சரி சரி, கையை எடுத்துட்டேன், நீ போய் மாடியிலிருந்து அந்தப் புதுப் பொட்டியக் கொண்டா. நாங்க இங்க கம்முனு உக்காந்திருக்கறோம்.

உக்காருங்க. நான் பேசறது சண்டை போடறாப்பல இருக்கும், மனசுல வெச்சுக்காதீங்க. தறிக்காரன். சோமனூர்ப் பக்கம். பேரு நாச்சிமுத்து. எட்டுத் தறி, எங்கூட்டை ஒட்டியே தறி ஓடற குடோன். எட்டுத் தறியும் ஓடறப்ப நீங்க உள்ள வந்து நின்னு பாக்கோணும். பக்கத்துல நிக்கறவன் காதுல வாயை வெச்சுக் கத்தினாலும் கேக்காது. அதனால நாங்க ஆளைக் கூப்பிடறதே முதுகுல ஒண்ணு போட்டுத்தான். இப்படி. அட, வலிச்சிருச்சா? சும்மாத்தான தம்பி தட்டினேன். எங்க குடோன்ல இதுக்குப் பேரு 'இங்க பாரு'. ரெண்டு தட்டினா 'வெசையா வா'. நாலஞ்சு விழுந்துச்சுன்னா அவன் என்னமோ தப்புப் பண்ணிப்போட்டான்னு அர்த்தம்.

தறியும் அப்படித்தாங்க. ஓடற தறி பொசுக்குனு நின்னு போச்சுன்னா மோட்டார் பொட்டி மேல உள்ளங்கையால ஓங்கி ஒண்ணு போடுவோம். ஓட ஆரம்பிச்சிரும். மெக்கானிக்கு வந்து சிரிப்பான், "என்ன கைவைத்தியமுங்க இது"ம்பான். ஆனா ஓடுமில்ல? எங்கப்பன் எனக்குச் சொல்லிக் குடுத்தது அது. எனக்கும் அதே வைத்தியந்தான் பண்ணினாரு. தறி பெல்ட்டு இருக்குது பாருங்க, தோல் பெல்ட்டு, அத ரெண்டா மடிச்சு விளாசுவாரு. ஒருக்கா கெணத்து மேட்டுல வெச்சு விளாசினதுல நான் மூச்சில்லாமக் கெடந்தேனாம். நான் என்ன கெட்டா போயிட்டேன்?

ஆமா, நீங்க கேட்டதுக்கு வாரேன். டச் வாங்கலாமா வேண்டாமா, அதான? என்னையக் கேளுங்க. இந்தக் கடைக்கு இது மூணாவது தடவை வாரேன், எல்லாம் அத்துபடி. சும்மா டைப் அடிக்கறதுக்கு, படம் பாக்கறதுக்குன்னா வேண்டாம். கண்ணாடி பளபளன்னு இருக்கும், சன்னலுக்கு முன்னால உக்காந்தா உங்க மூஞ்சிதான் தெரியும். பூரா விரல் ரேகையா அப்பிக்கும். சார்ஜும் வெசையா எறங்கிரும். படம் வரையறவியளுக்குன்னா வேணும். அதுல மறுபேச்சே இல்ல.

என்ற புள்ள வரைவா. கோகிலவாணி. ஒத்தைப் புள்ள. கோயமுத்தூர்ல துணி டிசைன் படிக்கறா, கடைசி வருசம். நாம ஓட்டறது வெறும் வெள்ளைத் துணிங்க. அவ அந்தத் துணிக்குக் கரை போடுவா, பூப் போடுவா, மயில் ரெக்கைய மட்டும் தனியாப் போடுவா. நோட்டுல போட்டுட்டு இருந்தா. அப்பறம் "எல்லாரும் டச் லேப்டாப்புல போடறாங்கப்பா"ன்னா. விரல்ல தேச்சாப் படம் வருமாடின்னு ரெண்டு மாசம் வெரட்டினேன். அழுதா. அவங்கம்மா மரகதம் ஒரு வாரம் எங்கூடப் பேசல. சரி கெரகமுன்னு கறவை மாடு ஒண்ண வித்துப்போட்டு வாங்கிக் குடுத்தேன். நான் ஒண்ணும் கெட்ட அப்பன் இல்லீங்க தம்பி.

வாங்கினது பொங்கலுக்கு. மொத நாளே என்ன பண்ணினா தெரியுமா? "அப்பா, நீங்க ஒரு கோடு போடுங்க"ன்னா. நான் போட்டேன். வரல. அமுத்திப் போட்டேன். வரல. இந்தக் கையப் பாருங்க, நாப்பது வருசமா நூல் ஓடி ஓடி விரல் நுனி பூரா கல்லாக் காய்ச்சுப் போச்சு. ஸ்கிரீனுக்கு இது கையின்னே தெரியலீங்க. எனக்குக் கோவம் வந்துச்சு. வராதா? மாட்டை வித்து வாங்கினவன் நானு. அப்ப என்ற புள்ள எந்திரிச்சுப் போயி, ஒரு டம்ளர்ல தண்ணி கொண்டாந்து, என்ற விரலை அதுல முக்கி, துணியில ஒத்தி, அவளே புடிச்சு வெச்சு இழுத்தா. வந்திருச்சுங்க கோடு! கோணலும் மாணலுமா, சிகப்புக் கலர்ல. "மெதுவாத் தொட்டாப் போதும்ப்பா, சித்த ஈரமிருந்தாப் போதும்"ன்னா. அந்தக் கோட்ட அழிக்காம வெச்சிருந்தா. 'அப்பா கோடு'ன்னு பேரெழுதி. எனக்குக் கண்ணுல தண்ணி வந்திருச்சு. நான் வெளிய போயித் தறிக்கு எண்ணெய் போடறாப்பல நின்னுக்கிட்டேன்.

ஏன் தள்ளி உக்காந்துட்டீங்க? ஃபேன் காத்து வரலியா? சரி, நான் இக்கட்டால நவுந்துக்கறேன்.

அடிக்கறதுன்னு நான் யாரையும் அடிச்சதில்லீங்க. மரகதத்தக் கேட்டாத் தெரியும். இந்த இருவத்திரெண்டு வருசத்துல ஒரு நாலு தடவை, அஞ்சு தடவை இருக்கும். அதுவும் தறி விசயமா. ஒருக்கா தறியில பாவு நூல் அறுந்து கெடக்குது, அவ பாட்டுக்குப் பக்கத்தூட்டுக்காரிகூடப் பேசிட்டு நிக்கறா. கையில வெந்நிப் போசி இருந்துச்சு, வீசிப்போட்டேன். அவ மேல வீசல, செவுத்து மேலதான் வீசினேன். தண்ணி தெறிச்சதுக்கு நான் என்ன பண்றது? கழுத்துல சின்னதா ஒரு வடு. சீலையை இழுத்துப் போட்டாத் தெரியாது.

சித்திரை கடைசியில நடந்துச்சு, சொல்றேன் கேளுங்க. உச்சி வெயிலு. மூணாம் நம்பர் தறியில நாடா பறந்திருச்சு. நாடான்னா தெரியுமில்ல, தறிக்குள்ள நூலை வெச்சுக்கிட்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுமே, மரக்கட்டை, ரெண்டு முனையிலயும் இரும்பு மூக்கு. அது வழி தப்பிப் பறந்துச்சுன்னா துப்பாக்கிக் குண்டுதான். எங்கிட்ட ஓட்டற ரங்கநாதனுக்குப் புருவத்துல அடிச்சு, எலும்பு தெரியற மாதிரி பொளந்திருச்சு. முகம் பூரா ரத்தம், நெய்ஞ்சுட்டு இருந்த வெள்ளைத் துணி பூரா ரத்தம். "சத்தம் மாறறப்பவே நிறுத்தறதுக்கென்னடா"ன்னு அவனுக்கு ஒரு அறை விட்டேன். அப்பறந்தான் புடிச்சு உக்கார வெச்சேன். கோவம்ங்க அது, பாசந்தான.

ஊட்டுக்குள்ள பாத்துக் கத்தினேன். "கோகிலா, ஒரு துணி கொண்டா"ன்னு. வரல. மறுக்காக் கத்தினேன். வரல. மூணாந்தடவை குடோன் வாசல்ல நின்னு தொண்டை கிழியக் கத்தினேன். ஒருத்தன் செத்துட்டிருக்கறான் தம்பி! உள்ள போனா என்ற புள்ள காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு, ரெண்டு கையையும் லேப்டாப்பு மேல வெச்சுக்கிட்டு, வரைஞ்சுட்டு இருக்கறா. சிரிச்சுக்கிட்டு. என்ன பாட்டக் கேட்டாளோ, யாரு என்ன சொன்னாளோ, அது எனக்குத் தெரியாது. என்ற கையில ரத்தம், அவ மூஞ்சியில சிரிப்பு. நீங்க என்ற இடத்துல இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?

மூடினேன். அவ்வளவுதான். லேப்டாப்ப மூடினேன்.

மூடிட்டு மேல ஒண்ணு போட்டேன். தறிக்குப் போடுவோமில்ல, அந்தப் போடு, உள்ளங்கையால. ஒண்ணு. சரி, ரெண்டு. நொறுக்குனு சத்தம் கேட்டுச்சு. அய்யோ ஸ்கிரீன் போச்சுடான்னுதான் மொதல்ல நெனைச்சேன், சாமி சத்தியமா. தொறந்து பாத்தா ஒடஞ்சுதான் கெடக்குது, மூலையிலிருந்து மூலைக்குக் கோடு. "ஒரு மாடுடி இது! கையை எடுக்கறதுக்கென்னடி?"ன்னு கன்னத்துல ஒண்ணு விட்டேன். அவ கத்தலீங்க. அதான் எனக்கு இன்னும் புரியல. கத்தியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமில்ல? எடக்கைய முன்னாலயே எடுத்துட்டா, வலக்கைதான் மாட்டிக்கிச்சு. அத மடியில வெச்சுக்கிட்டு என்னையவே பாத்துட்டிருந்தா. மரகதம் வந்து அந்தக் கையத் தூக்கிப் பாத்துப்போட்டுத்தான் தலையில அடிச்சுக்கிட்டா. ஆள்காட்டி விரல் பக்கவாட்டுல திரும்பிக் கெடந்துச்சு. நடுவிரல் நகமே இல்ல.

ஒரே வேன்ல ரங்கநாதனையும் அவளையும் ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் கேட்டாரு. ரெண்டு பேருக்கும் நாடா அடிச்சிருச்சுங்கன்னு சொன்னேன். "ஒரே நாடா எப்படீங்க அங்க ஒருத்தர் புருவத்துலயும் இங்க ஒருத்தர் விரல்லயும் அடிக்கும்"னு அவரு சந்தேகமாக் கேக்கறாரு. நான் என்னமோ சொல்லிச் சமாளிக்கறேன். அப்பத்தான் மரகதம், நான் பேசிட்டிருக்கறப்ப வாயே தொறக்காதவ, அத்தனை நர்சுங்க முன்னால சொல்றா, "நாடா இல்லீங்க டாக்டர், இவரு." கையை நீட்டிக் காட்டி, "இவரு"ங்கறா. எனக்கு எப்படி இருந்திருக்கும்? செருப்பால அடிச்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.

அப்பறம் வந்தான் பாருங்க என்ற மச்சினன் வையாபுரி. ஆஸ்பத்திரி வாசல்ல, வண்டியை நிறுத்தக்கூட இல்ல, ஹெல்மெட்டக் கழட்டி அதாலயே என்ற வாயில போட்டான். இங்க பாருங்க, முன்பல்லு ரெண்டு இல்ல. கீழ விழுந்தவனை வயித்துலயே மிதிச்சான். நானும் சும்மா விடல, அவன் காதக் கடிச்சுப்போட்டேன், தையல் போட்டாங்க. ஆனா அநியாயத்தப் பாருங்க தம்பி. ஒரு மனுசனைப் பொது இடத்துல, நாலு பேரு முன்னால அப்படி அடிக்கலாமா? ஏதோ ஒரு நிமிசக் கோவத்துல கைய நீட்டிப்போட்டு, அதுக்கு ஒரு வருத்தங்கூடத் தெரிவிக்கல அவன். அவன் புள்ள குட்டி பெத்தவன்தான? கோகிலாவையும் மரகதத்தையும் கையோட அவன் ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். ஆடி போயி ஆவணியும் வந்திருச்சு. ஊட்டுல நானும் தறியும்தான்.

ஒடஞ்ச லேப்டாப்பத் தூக்கிக்கிட்டு ரிப்பேர் கடைக்குப் போனேன். அங்க ஒருத்தன் புரட்டிப் புரட்டிப் பாத்துப்போட்டு, "உள்ள என்னமோ இருக்கறப்ப மூடியிருக்கீங்க சார், வாரண்டியில வராது"ங்கறான். என்னமோவா? எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ ஆவேசம். அவன் சட்டையக் கொத்தாப் புடிச்சு மேசைக்கு இக்கட்டால இழுத்துப்போட்டேன். "என்னமோ இல்லடா, என்ற புள்ள விரலுடா! விரலுடா!"ன்னு கத்தறேன், கண்ணுல தண்ணியாக் கொட்டுது. செக்யூரிட்டி ரெண்டு பேரு வந்து என்னைய ரோட்டுல தள்ளிட்டாங்க. அப்ப அவியளுக்குப் புரியல பாருங்க, ஒரு அப்பன் மனசு.

அவளுக்கு ஆள்காட்டி விரல் இனிமே மடங்காதாம். குச்சியாட்டம் நீட்டிக்கிட்டு நிக்குமாம். பேனாப் புடிக்க முடியாது. பரீட்சை தையில வருது, அதுக்குள்ள இருவது டிசைன் குடுக்கோணும், இல்லீன்னா அவ படிச்சது பூரா வீண். நான் யோசிச்சேன். பேனாவப் புடிக்கறதுக்குத்தான விரல் மடங்கோணும்? தொடறதுக்கு எதுக்கு மடங்கோணும்? நீட்டின விரலே போதுமே! இப்பச் சொல்லுங்க, டச் ஸ்கிரீன் தேவையா இல்லையா? அவளுக்கு அத விட்டா வேற வழியே இல்லீங்க.

ரங்கநாதனை விட்டுச் சொல்லியனுப்பினேன். அவன் இப்பவும் எங்கிட்டத்தான் ஓட்டறான், ஒரு கண்ணு சித்த மங்கல். "புதுசா டச் லேப்டாப்பு வாங்கித் தாரேன், ஊட்டுக்கு வரச் சொல்லு"ன்னேன். போயிட்டு வந்து சொல்றான், "மூடாத லேப்டாப்பா இருந்தா வாங்கச் சொல்லுங்க அண்ணான்னு அம்மிணி சொல்லுச்சுங்க." நான் அத வெச்சுக்கிட்டு ஊர்ல இருக்கற அத்தனை கடைக்கும் நடந்தேன். மூடாத லேப்டாப்பு இருக்குதாங்கன்னு கேட்டா எல்லாரும் என்னையப் பைத்தியகாரனாட்டம் பாக்கறானுங்க. இந்தக் கடைக்காரப் புள்ளதான் சிரிக்காமக் கேட்டுக்கிட்டா. "இருக்குதுங்கய்யா, ஸ்கிரீன் தனியாக் கழண்டு வந்துரும். பட்டன் இருக்கற பாகத்தக் கழட்டித் தூரமா வெச்சுப்போட்டு ஸ்கிரீனை மட்டும் மடியில வெச்சுக்கலாம்"ன்னா.

அந்தா, எடுத்துட்டு வந்துட்டா பாருங்க. இப்படி வையி சாமி. பாருங்க தம்பி, வெறும் பலகை. மூடறதுக்கு ஒண்ணுமே இல்ல. இனி எப்படி எனக்குக் கோவம் வந்தாலும் மூட முடியாது பாருங்க. என்ன மூளை என்ற புள்ளைக்கு!

ஒரே ஒரு உபகாரம் பண்ணுங்க. என்ற நம்பரை அவ எடுக்கறதில்ல. உங்க போன்ல ஒரு தடவை கூப்புடுங்க. கடையிலிருந்து பேசறேன், உங்கப்பா இந்த மாடலைத்தான் பாத்திருக்கறாரு, வாங்கலாமான்னு மட்டும் கேளுங்க. நான் வாயே தொறக்க மாட்டேன். கையெடுத்துக் கும்புடறேன் தம்பி. நம்பர் இந்தச் சீட்டுல இருக்குது.

எடுத்துட்டாளா? எடுத்துட்டாளா! சொல்லுங்க, சொல்லுங்க. எனக்குக் காது சித்த மந்தம், அவ என்ன சொல்றான்னு நீங்களே சொல்லுங்க. என்னது? அழுகறாளா? இல்லியா? சரி, இருங்க, வெச்சறாதீங்க.

என்ன கேக்கறா? அப்பா அங்க பக்கத்துல இருக்கறாரான்னா? இருக்கறேன்னு சொல்லுங்க. அப்பறம்? அப்பா கை பட்டா அது வேலை செய்யுதான்னு பாத்துச் சொல்லச் சொல்றாளா?

பாத்தீங்களா, என்னைய மறக்கல! என்னையும் சேத்துத்தான் கேக்கறா! இருங்க, இப்பவே பாத்துச் சொல்றேன். தொட்டுட்டேன். ஒண்ணுமில்ல. இங்க தொடறேன். ஊஹூம். கடைக்கார அம்மிணி, நீயே பாத்துச் சொல்லு, அசையுதா? அசையல. அசையலன்னே சொல்லுங்க தம்பி, பொய் வேண்டாம். உங்கப்பா கை பட்டா ஒண்ணுமே ஆகலீன்னு சொல்லுங்க.

என்ன சொன்னா?

அப்ப அதையே வாங்கச் சொல்லுங்கன்னாளா? அப்படியே சொன்னாளா? வேற? வெச்சுட்டாளா. பரவால்ல, பரவால்ல! வாங்கச் சொல்லிட்டா தம்பி! நாலு மாசத்துல மொதல் தடவையா எங்கிட்ட ஒண்ணு கேட்டிருக்கறா. ஏம்மிணி, இதையே கட்டிக் குடு. நாளைக்கே எடுத்துட்டுப் போறேன், வையாபுரி வாசல்ல மறிச்சான்னா அவனை மிதிச்சுத் தள்ளிப்போட்டு உள்ள போவேன். அவ மடியில வெச்சுப்போட்டு, "இந்தா சாமி, மூட முடியாது பாத்துக்கோ"ம்பேன். எந்திரிச்சு எம்பின்னால வந்திருவா.

கட்டறதுக்கு முன்னால ஒரு நிமிசம் இரு அம்மிணி. தம்பி, அந்தத் தண்ணி பாட்டலை இப்படிக் குடுங்க. ஏங்க பின்னால இழுத்துக்கறீங்க? குடுங்க. இது எனக்கு வேலை செய்யாதுன்னு யாரு சொன்னது? விரலைச் சித்த நனைச்சாப் போதும். அவதான் சொல்லிக் குடுத்தா, இப்ப அவளுக்கு அது நெனப்பில்ல போல இருக்குது. இப்பப் பாருங்க. பலகைய இங்க வையி... பாத்தீங்களா, வந்திருச்சு கோடு.